பணம் ஊரில், நாம் மகள் வீட்டில்

போன கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரிட்ஜ்வாட்டர் வெங்கடேஸ்வரர் கோயில் கேன்டீனில் ஒரு அம்மா என் எதிரில் வந்து உட்கார்ந்தார். மன்னார்குடிப் பக்கத்துக்காரர். கணவர் போய் இரண்டு வருடம். கிரீன் கார்டு வந்து எட்டு மாதம். எடிசனில் மகள் வீட்டில் இருக்கிறார். மடியில் மஞ்சள் துணிப்பை. அதை அவிழ்த்து, ரப்பர் பேண்ட் போட்ட பாஸ்புக்குகளையும், மடிப்பு விட்டுப்போன எஃப்.டி. ரசீதுகளையும் மேஜையில் வரிசையாக வைத்தார். நான்கு வங்கிகள், ஒரு தபால் ஆபீஸ், பதினொரு ரசீதுகள். அதில் மூன்று கணவர் பெயரில் மட்டும். ஒன்று போன சித்திரையிலேயே முதிர்ந்துவிட்டது.

"சார், ஓ.டி.பி. எல்லாம் அவர் போனுக்குத்தான் வருது. அந்த போன் ஊர்ல பீரோக்குள்ள இருக்கு. வீடு பூட்டிக் கிடக்கு. நான் இங்கயே வந்துட்டேன்னு பேங்க்ல சொன்னா வட்டியக் குறைச்சுடுவாங்கன்னு வேற சொல்றாங்க" என்றார்.

நான் தஞ்சாவூர், திருவாரூர் வட்டார வங்கிக் கிளைகளில் 33 வருடம் வேலை பார்த்தவன். ஆறு வருடமாக இங்கே மகள் குடும்பத்தோடு இருக்கிறேன். கவுன்ட்டருக்கு இரண்டு பக்கமும் நின்று பார்த்ததில் எனக்குத் தெரிந்தது இதுதான்: வெளிநாட்டில் குடியேறிய பெரியவர்களின் பணச் சிக்கல்களில் பெரும்பாலானவை, "நான் இப்போது இங்கே இல்லை" என்று வங்கியிடம் சொல்லாததில் தொடங்குகின்றன. ஒருமுறை மறைத்துவிட்டால், அதற்குப் பிறகு போடும் ஒவ்வொரு படிவமும் தவறான படிவமாகிவிடுகிறது. அன்று அந்த அம்மாவுக்கு ஒரு காகிதத்தில் எழுதிக்கொடுத்ததைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். இந்திய விதிகள் எந்த நாட்டில் இருக்கும் என்.ஆர்.ஐ.க்கும் பொதுவானவை. வரி விஷயத்தில் மட்டும் அமெரிக்காவை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

உங்கள் நிலை என்ன என்று முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பேரக்குழந்தையைப் பார்க்க விசிட்டர் விசாவில் ஐந்தாறு மாதம் வந்து திரும்புகிறவர் இந்தியாவில் வசிப்பவர்தான். அவர் கணக்கில் எதையும் மாற்றத் தேவையில்லை. கிரீன் கார்டோ அதுபோன்ற நிரந்தர அனுமதியோ வாங்கிக்கொண்டு, எப்போது திரும்புவோம் என்று சொல்ல முடியாதபடி கிளம்புகிறவர், அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின்படி வெளிநாட்டில் வசிப்பவர். வருமான வரிச் சட்டம் நாள் கணக்குப் பார்க்கும். ஃபெமா நீங்கள் என்ன நோக்கத்தோடு போகிறீர்கள் என்பதையும் பார்க்கும். இரண்டும் வேறு வேறு என்பது பலருக்குத் தெரியாது.

சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றச் சொல்லி எழுதிக்கொடுங்கள். பாஸ்போர்ட், விசா அல்லது கிரீன் கார்டு, வெளிநாட்டு முகவரிச் சான்று, பான் கார்டு ஆகியவற்றின் நகல் கேட்பார்கள். பென்ஷன், வாடகை, டிவிடெண்ட், எஃப்.டி. வட்டி என்று இந்தியாவில் வரும் பணம் எல்லாம் இந்தக் கணக்கில்தான் விழ வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் எஃப்.டி.களும் என்.ஆர்.ஓ. என்று மாறும். வட்டி குறையுமா என்ற அந்த அம்மாவின் பயத்தில் பாதி உண்மை இருக்கிறது. சீனியர் சிட்டிசனுக்கான கூடுதல் வட்டி, என்.ஆர்.ஐ. ஆன பிறகு போடும் புது டெபாசிட்டுகளுக்குப் பெரும்பாலான வங்கிகளில் கிடையாது. அந்த அரை சதவீதத்துக்காக நிலையை மறைப்பது பெரிய இழப்பில் கொண்டுவிடும். எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

வருமான வரித்துறை இணையதளத்திலும் உங்கள் நிலையை என்.ஆர்.ஐ. என்று மாற்றுங்கள். என்.ஆர்.ஐ.க்கு ஆதாரோடு பான் இணைக்கும் கட்டாயம் இல்லை. ஆனால் நீங்கள் என்.ஆர்.ஐ. என்று துறைக்குத் தெரியாவிட்டால், இணைக்காத பான் என்று கருதி அதைச் செயலிழக்கச் செய்துவிடும். பான் செயலிழந்தால் வரிப்பிடித்தம் கூடும், ரீஃபண்ட் நிற்கும்.

செல்போன் எண்ணைக் கவனியுங்கள். இன்றைக்குப் பூட்டுச் சாவியைவிட அதுதான் முக்கியம். நல்ல வழி, வங்கியில் உங்கள் வெளிநாட்டு எண்ணையே பதிவு செய்வது. மின்னஞ்சலுக்கும் ஓ.டி.பி. வரும்படி செய்யச் சொல்லுங்கள். 2023 ஜனவரியில் யு.பி.ஐ.யை நடத்தும் என்.பி.சி.ஐ. தந்த அனுமதிப்படி, அமெரிக்கா, கனடா, பிரிட்டன், சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, அமீரகம் உட்பட 10 நாடுகளின் எண்களை வைத்து என்.ஆர்.ஓ. கணக்குக்கும், பின்னால் சொல்லப்போகும் என்.ஆர்.இ. கணக்குக்கும் யு.பி.ஐ.கூடப் பயன்படுத்தலாம். உங்கள் வங்கி அதைச் செயல்படுத்தியிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய இந்திய எண்ணையே வைத்துக்கொள்வதானால், சிம்மைக் கையோடு எடுத்து வாருங்கள், சர்வதேச ரோமிங்கை இயக்கிவிட்டு வாருங்கள், ரீசார்ஜ் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத ப்ரீபெய்டு எண்ணை நிறுவனம் எடுத்துக்கொள்ளலாம். பிறகு அது வேறொருவர் கைக்குப் போய்விடும். உங்கள் வங்கிச் செய்திகள் முன்பின் தெரியாத ஒருவருக்குப் போவதை யோசித்துப் பாருங்கள்.

எல்லா டெபாசிட்டிலும் நாமினி போடுங்கள். வங்கிச் சட்டத் திருத்தத்தின்படி 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாகப் போடலாம். இவருக்கு இத்தனை பங்கு என்று பிரித்தும் எழுதலாம். நாமினி என்றால் வாரிசு என்று நினைத்துவிடாதீர்கள். நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர், அவ்வளவுதான். யாருக்கு என்பதை உயில்தான் சொல்லும். அதனால் உயிலும் எழுதுங்கள்.

டெபாசிட்டுகளைக் குறையுங்கள். பணத்தைச் சொல்லவில்லை, எண்ணிக்கையைச் சொல்கிறேன். நான்கு வங்கிக் கே.ஒய்.சி., நான்கு பாஸ்வேர்டு, நான்கு வட்டிச் சான்றிதழ் என்று எழுபத்தைந்து வயதில் கடல் கடந்து உட்கார்ந்துகொண்டு பார்க்க முடியாது. டெபாசிட் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு, அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரைதான் என்பதால் பலர் பிரித்துப் போடுகிறார்கள். நியாயமான எச்சரிக்கைதான். ஆனாலும் இரண்டு நல்ல வங்கிகள் போதும் என்பது என் அபிப்பிராயம்.

கையெழுத்தைப் புதுப்பியுங்கள். இருபது வருடத்துக்கு முன்னால் போட்ட கையெழுத்து இன்றைக்கு வராது. கை நடுக்கம் இருந்தால், கிளைக்கு நேரில் போய் இப்போது எப்படி வருகிறதோ அப்படியே போட்டுப் பதிவு செய்துவிட்டு வாருங்கள். கவுன்ட்டரில் இருந்தபோது, வெளிநாட்டிலிருந்து தபாலில் வந்த எத்தனையோ கடிதங்களைக் "கையெழுத்து ஒத்துப்போகவில்லை" என்று திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. அனுப்பியவர் உண்மையான ஆள்தான் என்று மனசுக்குத் தெரியும். ஆனாலும் வேறு வழி இருக்காது.

செய்யவே கூடாதவை

கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலைகளை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள். தம்பியோ பக்கத்து வீட்டுக்காரரோ பிளாட் செயலாளரோ, யாராக இருந்தாலும் சரி. நம்பிக்கை இருக்கட்டும். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தக் காசோலைகள் யார் கையில் இருக்கும்? சொத்து வரி, மின்கட்டணம், அசோசியேஷன் பணம் கட்ட ஒருவர் வேண்டும் என்றால் அதற்கு முறையான வழி இருக்கிறது. ஊரில் இருக்கும் நெருங்கிய உறவினரை "முதல்வர் அல்லது பிழைத்திருப்பவர்" என்ற முறையில் கணக்கில் சேர்க்கலாம். உங்கள் காலம் வரை நீங்கள்தான் இயக்குவீர்கள். இப்போதே அவர் கணக்கை இயக்க வேண்டுமானால் வங்கி மேண்டேட்டோ பவர் பத்திரமோ கொடுக்கலாம். பவர் வாங்கியவர் உள்ளூர்ச் செலவுகளைச் செய்யலாம், பணத்தை வெளிநாட்டில் இருக்கும் உங்களுக்கு அனுப்பலாம். உங்கள் சார்பில் இன்னொருவருக்கு அன்பளிப்பாகக் கொடுக்க முடியாது. இங்கிருந்து பவர் எழுதினால் இந்தியத் தூதரகத்திலோ, நோட்டரி, அப்போஸ்டில் வழியாகவோ சான்று பெற்று அனுப்ப வேண்டும். பத்திரம் இந்தியா போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டிவிட வேண்டும். இந்த மூன்று மாதக் கெடுவைத் தவறவிடுகிறவர்கள் ஏராளம்.

15எச் படிவத்தை, அது இப்போது வேறு எண்ணில் வந்தாலும், கொடுக்காதீர்கள். வரி பிடிக்காதீர்கள் என்று சீனியர் சிட்டிசன்கள் வருடாவருடம் கொடுத்துப் பழகிய அந்தப் படிவம் இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டுமானது. என்.ஆர்.ஐ. ஆன பிறகு அதில் கையெழுத்திட்டால் பொய் உறுதிமொழி. முதியோருக்கான வட்டி வரிச்சலுகையும் என்.ஆர்.ஐ.க்கு இல்லை.

நிலையை மறைத்தால் என்ன இழப்பு என்று சொல்கிறேன் என்றேன் அல்லவா? 2015 ஜூலையில் இந்தியாவும் அமெரிக்காவும் ஃபாட்கா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதன்படி, அமெரிக்க வரிச் சட்டத்துக்கு உட்பட்டவர்களின் கணக்கு விவரங்கள் இந்திய வங்கிகளிலிருந்து அமெரிக்க வரித்துறைக்குப் போகின்றன. அங்கே ஒரு முகவரி, இங்கே ஒரு முகவரி என்று ஒருவர் வெகுகாலம் இருக்க முடியாது. வீடு விற்கும்போது இன்னும் மோசம். விற்பவர் என்.ஆர்.ஐ. என்றால் வாங்குகிறவர் பிடிக்க வேண்டிய வரி வேறு, உள்ளூர்க்காரர் என்றால் பிடிப்பது வேறு. உள்ளூர்க்காரர் என்று சொல்லி விற்றுவிட்டு இங்கே வந்துவிட்டால், நோட்டீஸ் போவது உங்களை நம்பி வீடு வாங்கிய அந்தக் குடும்பத்துக்கு.

தபால் ஆபீஸிலும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்திலும் புதிதாகப் பணம் போடாதீர்கள். என்.ஆர்.ஐ.க்கு அனுமதி இல்லை. ஏற்கெனவே இருக்கும் பி.பி.எஃப். கணக்கை முதிர்வு வரை வைத்துக்கொள்ளலாம், நீட்டிக்க முடியாது.

அமெரிக்காவில் இருப்பவர்கள், ஆலோசகர் ஒருவரைக் கேட்காமல் இந்திய மியூச்சுவல் ஃபண்டில் புதிதாகப் போட வேண்டாம். அமெரிக்க வரிச் சட்டம் அவற்றைத் தனி வகையாக வைத்துக் கடுமையாக நடத்துகிறது. ஒவ்வொரு ஃபண்டுக்கும் தனிப் படிவம் நிரப்ப வேண்டியிருக்கும். இந்த வயதில் அந்தச் சுமை வேண்டியதில்லை. நேரான எஃப்.டி. போதும்.

பணத்தை இங்கே கொண்டுவரும்போது செய்ய வேண்டியவை

மூன்று கணக்குகளின் வித்தியாசத்தை மனதில் பதியவைத்துக்கொள்ளுங்கள். என்.ஆர்.ஓ. இந்தியப் பணத்துக்கு. என்.ஆர்.இ. வெளிநாட்டிலிருந்து போகும் பணத்துக்கு. அதை எப்போது வேண்டுமானாலும் தடையில்லாமல் திரும்ப எடுத்து வரலாம். எஃப்.சி.என்.ஆர். டெபாசிட் டாலராகவே போட்டு டாலராகவே எடுப்பது, காலம் 1 முதல் 5 வருடம். என்.ஆர்.இ. எஃப்.டி., எஃப்.சி.என்.ஆர். டெபாசிட் இரண்டையும் ஒரு வருடத்துக்குள் உடைத்தால் வட்டியே கிடையாது. அவசரத்துக்கு வேண்டிய பணத்தை அதில் போடாதீர்கள்.

என்.ஆர்.ஓ.விலிருந்து ஒரு நிதியாண்டில், அதாவது ஏப்ரல் முதல் மார்ச் வரை, 10 லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். பென்ஷன், வாடகை, வட்டி போன்ற நடப்பு வருமானத்துக்கு இந்த உச்சவரம்புகூட இல்லை, வரி கட்டியிருந்தால் போதும். நம்மில் யாருக்கும் இந்த உச்சவரம்பு இடிக்கப்போவதில்லை. இடிப்பது காகிதம்தான். பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள்: ஓய்வுபெற்றபோது வந்த செட்டில்மென்ட் கடிதம், வீடு விற்ற பத்திரம், பழைய எஃப்.டி. ரசீது. 5 லட்சம் ரூபாய்க்கு மேல் போனால் பெரும்பாலும் ஆடிட்டர் சான்று வேண்டும். 15சிஏ, 15சிபி என்று வங்கியில் சொல்லிப் பழகிய படிவங்கள் இதற்குத்தான். புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் என்பதால், படிவத்தின் இப்போதைய எண்ணை ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். வேலை அதேதான். ஊரிலேயே ஒரு ஆடிட்டரைக் கிளம்பும் முன் நேரில் பார்த்துப் பேசி வைப்பது பெரிய உதவி.

விகிதம் பார்ப்பதைவிடக் கையில் எவ்வளவு வரும் என்று கேளுங்கள். போனில் தேடிப் பார்த்தால் தெரியும் விகிதம் வங்கிகள் தங்களுக்குள் வியாபாரம் செய்யும் நடுவிகிதம். நமக்கு வங்கி விற்கும் விலை அதற்கு மேலே இருக்கும். அதற்கு மேல் அனுப்பும் கட்டணம், பணமாற்றத்துக்கு ஜி.எஸ்.டி., வழியில் இடைவங்கி எடுத்துக்கொள்ளும் தொகை. "கட்டணம் இல்லை" என்று ஒரு வங்கி சொன்னால் விகிதத்தில் எடுத்துக்கொள்கிறது என்று பொருள். டாலருக்கு ஒரு ரூபாய் வித்தியாசம் என்றால் 20,000 டாலருக்கு 20,000 ரூபாய். ஒரே நாளில், ஒரே மணி நேரத்தில், இரண்டு வங்கியில் கேளுங்கள்: "இன்றைக்கு இத்தனை லட்சம் என் கணக்கில் எடுத்தால், அங்கே எத்தனை டாலர் விழும்?" பெரிய தொகை என்றால் கிளை மேலாளரிடம் விகிதத்தைக் கொஞ்சம் இறக்கித் தரச் சொல்லலாம். கேட்டால் பல நேரம் கொடுப்பார்கள். நான் மேலாளராக இருந்தபோது கேட்டவர்களுக்காக மேலிடத்தில் பேசி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். கேட்கத் தயங்குகிறவர்கள்தான் அதிகம்.

முதலில் சிறு தொகை அனுப்பிப் பாருங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே இரண்டு பக்கக் கணக்கிலும் இருக்க வேண்டும். நமக்கு இது தனித் தொல்லை. ஊர்க் கணக்கில் இனிஷியல், இங்கே அப்பா பெயரோ கணவர் பெயரோ கடைசிப் பெயராக விரிந்து நிற்கும். இரண்டும் ஒரே ஆள் என்பதற்கு வங்கி கேட்டால் காட்ட ஒரு உறுதிமொழிப் பத்திரம் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே தடவையில் கொண்டுவரலாமா, அங்கேயே விட்டுவிடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். என் பதில்: எந்த நாணயத்தில் செலவோ அந்த நாணயத்தில் வையுங்கள். 2015-இல் ஒரு டாலர் சுமார் 64 ரூபாய். 2025-இல் 85-ஐத் தாண்டியது. ஆண்டுக்குச் சுமார் 3 சதவீதம் ரூபாய் இறங்கியிருக்கிறது. ஆகவே ரூபாயில் 7 சதவீத வட்டி என்பது டாலரில் செலவு செய்கிறவருக்கு 7 சதவீதம் இல்லை. இங்கே பெரிய செலவு மருத்துவம். கிரீன் கார்டு வாங்கிய பெரியவர்கள் தொடர்ந்து ஐந்து வருடம் இங்கே வசித்த பிறகுதான் பணம் கட்டி மெடிகேரில் சேர முடியும். அந்த ஐந்து வருடத்துக்கான இன்சூரன்ஸ் பிரீமியத்தைக் கணக்குப் போட்டு அந்தத் தொகையை முதலில் டாலராக்குங்கள். ஊருக்குப் போய்வரும் செலவு, வீட்டு வரி, கோயில், கல்யாணம் என்று ரூபாயில் ஆகும் செலவுக்கு ரூபாயை அங்கேயே விடுங்கள். திரும்பிப் போய் ஊரிலேயே இருந்துவிடலாம் என்று மனதின் ஓரத்தில் இருக்கிறவர்கள் நம்மில் பலர். அந்த வாசலை அடைத்துவிடாதீர்கள்.

அனுப்பும்போது செய்யக்கூடாதவை

உண்டியல் பக்கம் போகாதீர்கள். "அங்கே என் மச்சானிடம் ரூபாயைக் கொடுங்க, இங்கே நான் டாலர் தர்றேன்" என்று தெரிந்தவரே அன்பாகச் சொல்லுவார். இரண்டு குடும்பத்துக்கும் கமிஷன் மிச்சம் என்று தோன்றும். ஃபெமாவின்படி சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் போட இடமுண்டு. கைக்கு வந்த டாலருக்குக் கணக்கும் காட்ட முடியாது.

என்.ஆர்.ஐ. ஆன பிறகு, இந்தியாவில் வசிப்பவர்களுக்கான ஆண்டுக்கு 2,50,000 டாலர் திட்டத்தின் கீழ் அனுப்பாதீர்கள். அது ஊரில் வசிப்பவர்களுக்கு. விசிட்டராக வந்துபோகிறவர்கள் அதைப் பயன்படுத்தலாம். ஆனால் பொதுவாக வருடத்துக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு 20 சதவீதம் முன்வரியாக வங்கி பிடித்துக்கொள்ளும். ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம் என்றாலும் அதுவரை பணம் முடங்கும்.

மகளின் கணக்கில் மொத்தமாகப் போட்டுவிடாதீர்கள். பிள்ளை மேல் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. கிரீன் கார்டோடு இங்கே குடியிருக்கும் நீங்கள், 2025 கணக்கில் ஒரு வருடம் ஒருவருக்கு 19,000 டாலருக்கு மேல் கொடுத்தால் அன்பளிப்பு வரிப் படிவம் போட வேண்டும். பெரும்பாலும் வரி வராது, படிவம் மட்டும்தான். நீங்கள் இந்தியாவிலேயே வசிப்பவராக இருந்து வருடத்துக்கு 1,00,000 டாலருக்கு மேல் அனுப்பினால், வாங்கிய மகள் வேறொரு படிவம் போட வேண்டும், விட்டால் அபராதம் பெரிது. எல்லாவற்றையும்விட, தன் பெயரில் ஒரு கணக்கும் அதற்கொரு டெபிட் கார்டும் இருக்கிற பெரியவர் வீட்டில் நடமாடும் விதமே வேறு. மருந்து வாங்கவும் பேரனுக்குப் பிறந்தநாள் பரிசு வாங்கவும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது.

இங்கிருந்து ஊருக்கு அனுப்பும்போது ரொக்கமாகக் கொடுத்து அனுப்பாதீர்கள். 2026 ஜனவரி 1 முதல் அமெரிக்காவிலிருந்து ரொக்கம், மணி ஆர்டர் போன்றவை வழியாக அனுப்பும் பணத்துக்கு 1 சதவீத வரி உண்டு. வங்கிக் கணக்கிலிருந்தோ டெபிட் கார்டிலிருந்தோ அனுப்பினால் இல்லை.

போனில் யார் மிரட்டினாலும் அசையாதீர்கள். "கே.ஒய்.சி. முடிந்துவிட்டது", "உங்கள் பெயரில் பார்சலில் போதைப்பொருள்", "டிஜிட்டல் கைது" என்று வீடியோவில் காக்கிச் சட்டை போட்டு உட்கார்ந்திருப்பான். இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று கிடையாது. போனை வைத்துவிட்டு மகளிடமோ மருமகனிடமோ அந்த நிமிடமே சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்த ஒரு இரவில்தான் மீதிப் பணமும் போயிருக்கிறது, எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில்.

வருடாவருடம் செய்ய வேண்டியவை

என்.ஆர்.ஓ. வட்டிக்கு முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம், செஸ் சேர்த்து 31.2 சதவீதம் வரி பிடிப்பார்கள். இதைப் பார்த்துத்தான் பலர் அரண்டுபோய் மறைக்கிறார்கள். மறைக்கத் தேவையில்லை, திரும்ப வாங்க வழி இருக்கிறது. இந்தியாவில் ரிட்டர்ன் போட்டு, உங்கள் மொத்த வருமானத்துக்கு ஆகும் வரி போக மீதியை ரீஃபண்டாக வாங்கலாம். அல்லது இரட்டை வரி ஒப்பந்தப்படி, வங்கியே 15 சதவீதம் மட்டும் பிடிக்கும்படி செய்யலாம். அதற்கு அமெரிக்க வரித்துறையிடம் 85 டாலர் கட்டி வசிப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும், வர மாதக்கணக்காகும். வட்டி கொஞ்சம் என்றால் ரீஃபண்ட் வழியே சுலபம். ஒன்று கவனியுங்கள்: பிடிக்கப்பட்ட 31.2 சதவீதத்தையும் அமெரிக்க வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ஒப்பந்த அளவான 15 சதவீதம்தான் இங்கே செல்லும். மேலே போனதை இந்தியாவில்தான் கேட்டு வாங்க வேண்டும்.

என்.ஆர்.இ. வட்டிக்கு வரி இல்லை என்பது இந்தியாவில் மட்டும். கிரீன் கார்டு இருப்பவர் உலகத்தில் எங்கே வரும் வருமானத்தையும் அமெரிக்காவில் காட்ட வேண்டும். நான் சந்தித்த பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு இது தெரியாது. முதிர்வில்தான் வட்டி வரும் என்ற க்யூமுலேட்டிவ் டெபாசிட்டிலும் அந்தந்த வருடம் சேர்ந்த வட்டியைக் காட்ட வேண்டும். இந்தியச் சான்றிதழ் ஏப்ரல் முதல் மார்ச் வரை இருக்கும். இங்கே கணக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை. ஆகவே ஜனவரியிலேயே வங்கிக்கு எழுதி, ஆங்கில வருடப்படி வட்டிச் சான்றிதழ் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அமெரிக்க அரசுக்குத் தரும் எஃப்பார் அறிக்கையை விட்டுவிடாதீர்கள். இந்தியாவில் உள்ள எல்லாக் கணக்குகளும் சேர்ந்து, வருடத்தில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டியிருந்தாலும் இணையத்தில் இந்த அறிக்கை தர வேண்டும். ஏப்ரல் 15 கெடு, தானாகவே அக்டோபர் 15 வரை நீளும். கட்டணம் இல்லை, வரியும் இல்லை, வெறும் தகவல். ஆனால் தராவிட்டால் அபராதம் உண்டு. உங்கள் கணக்கில் மகள் பெயரைச் சேர்த்திருந்தால் அவரும் தன் அறிக்கையில் அதைக் காட்ட வேண்டும். உதவிக்கு என்று பெயர் சேர்த்த பிள்ளைகள் இதை அறியாமலே இருக்கிறார்கள். அவர்களிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

வாழ்வுச் சான்றிதழ். மத்திய அரசு பென்ஷன்காரர்களுக்கு நவம்பர், 80 வயது தாண்டியவர்களுக்கு அக்டோபர் 1 முதல். ஜீவன் பிரமாணில் முகம் காட்டியும் தரலாம், தூதரகத்திலும் வாங்கலாம். மாநில அரசு பென்ஷன்காரர்கள் தங்கள் நேர்காணல் மாதத்தைக் கருவூலத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லாக் கணக்கிலும் வருடத்தில் ஒருமுறையாவது நீங்களே ஒரு வரவு செலவு செய்யுங்கள். இரண்டு வருடம் அசையாத கணக்கு செயலற்றதாகும். பத்து வருடம் கேட்பாரற்றுக் கிடந்தால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். அப்படிப் போனாலும் உங்களுடையதுதான், கேட்டு வாங்கலாம். கணவரோ மனைவியோ எங்கே போட்டார் என்று தெரியாவிட்டால், ரிசர்வ் வங்கி 2023-இல் தொடங்கிய உட்கம் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம்.

அன்று கேன்டீனில் அந்த அம்மாவிடம் மூன்று காரியம் மட்டும் செய்யச் சொன்னேன். அவர் பெயரில் உள்ள கணக்கை என்.ஆர்.ஓ.வாக மாற்றி, மகளின் வீட்டு முகவரியையும் தன்னுடைய அமெரிக்க எண்ணையும் பதியச் சொல்லி எழுதுவது. கணவர் பெயரில் மட்டும் இருந்த மூன்று ரசீதுகளுக்கு இறப்புச் சான்றிதழோடு நாமினி கோரிக்கை போடுவது. பதினொரு ரசீதையும் ஒரு தாளில் எழுதுவது: வங்கி, கிளை, எண், தொகை, முதிர்வு தேதி, நாமினி. தை மாதம் ஊருக்குப் போனார். முதல் இரண்டும் கிளையில் ஒரே காலையில் முடிந்ததாம். முதிர்ந்து கிடந்த ரசீதின் பணம் இப்போது அவர் பெயரில் என்.ஆர்.ஓ. கணக்கில் இருக்கிறது. மூன்றாவதை அவரே எழுதினார், தமிழில், கொஞ்சம் நடுங்கும் எழுத்தில். ஒரு பிரதி மகளின் பீரோவில், இன்னொன்று மன்னார்குடியில் தம்பியிடம்.